துரை வண்டிக்கு என்ன விலை?

பழைய லேண்ட்ரோவர் ஒன்றை விற்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டை விற்கிறவனுக்குக்கூட அத்தனை ஆலோசனை கிடைக்காது. "விற்காதே, பத்து வருடம் போனால் விலை ஏறும்" என்பார் ஒருவர். "இந்தத் தகர டப்பாவுக்கா இவ்வளவு கேட்கிறாய்?" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

என்னுடையது 1978ஆம் ஆண்டு வண்டி. மூன்றாம் சீரிஸ், 88 அங்குலம், பெட்ரோல் எஞ்சின். பண்டார் பாருவில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு ஆண்டுகள் கிடந்து, வார இறுதிகளில் மட்டும் வேலை நடந்து, மறுபடி ஓடத் தொடங்கிய வண்டி. இந்த ஆண்டு மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் கட்டணத்தைக் கணக்குப் போட்டபோது, வீட்டில் விற்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான் இருந்தது. மனைவி வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. கொட்டகைப் பக்கம் ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது லேண்ட்ரோவர் அல்ல, துரை வண்டி. விடியற்காலைப் பிரட்டுக்கு முன்பே அதன் சத்தம் கேட்கும். சத்தத்தை வைத்தே எந்த நிரைக்குப் போகிறது என்று பால்மரம் வெட்டுகிறவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அந்த வண்டியின் பிறப்பும் நம் தோட்டங்களின் கஷ்ட காலமும் ஒரே ஆண்டில் வருகின்றன. ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ், ஆங்கில்சி தீவிலிருந்த தம் நிலத்தில் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் விவசாயிக்கு ஏற்ற வண்டி ஒன்றைச் செய்யும் எண்ணம் அவருக்கு வந்தது. போர் முடிந்த புதிது, இரும்புக்குப் பங்கீடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அறிமுகமானது. ஏழு வாரம் கழித்து, ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீடித்தது. பட்டாளத்தார், போலீஸ், துரைமார் என்று அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் செம்மண் பாதையில் போனவர்களுக்கெல்லாம் இந்த வண்டி பழகிப்போனது.

என் அப்பா அப்படிப்பட்ட ஒரு வண்டிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் டிரைவராக இருந்தார். ஓட்டினாரே தவிர, சொந்தமாக ஒன்று வாங்குவதை நினைத்தும் பார்த்ததில்லை. நான் வாங்கியது அவர் ஓட்டிய வண்டி அல்ல, அதே ரகம். கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மழை பெஞ்சா உள்ளேயும் பெய்யும்டா" என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

அவருக்கு அந்த வண்டியின் நினைவு துரையோடு சேர்ந்ததல்ல. இரவு இரண்டு மணிக்கு லயத்திலிருந்து ஆள் ஓடி வரும், பிரசவ வலி என்று. துரை பங்களாவில் சாவி வாங்கி, பின்னால் கோணி விரித்து, கிரியான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பாரிட் புந்தார் ஆஸ்பத்திரிக்கு ஓட்ட வேண்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கெடா, அந்தப் பக்கம் பேராக். "எந்த மாநிலத்துல பொறக்கும்னே தெரியாது" என்பார். வழியிலேயே பிறந்ததும் உண்டு.

இதையெல்லாம் விலைப்பட்டியலில் எழுத முடியாது. விற்கிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய பாடம் இதுதான். வண்டியை 9,000 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அதன் மேல் 31,000 செலவழித்தேன். உழைத்த ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினால் இன்னொரு வண்டி வாங்கலாம். ஆனால் வாங்குகிறவர் என் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் காசு தரக் கடமைப்பட்டவர் அல்ல. அவர் பார்ப்பது இரும்பை. பாசத்துக்கு ரசீது கிடையாது.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை, இப்படி ஒரு வண்டி வாங்க ஆசைப்படும் இளைஞர்களுக்காக. அலுமினிய உடல் துருப்பிடிக்காது என்று நம்பி ஏமாறாதீர்கள். உடல் அலுமினியம், அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியமும் வெள்ளையாகப் பொடிந்து உதிரும். நம் ஊர் மழைக்கு அது சீக்கிரமே நடக்கும். சின்னச் சுத்தியலால் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உளுத்த இரும்பு பொத்தென்று சொல்லும். எஞ்சினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவிலிருக்கும் தடுப்பையும் பாருங்கள். பளபளக்கும் பச்சைச் சாயத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

உதிரிச் சாமான்களுக்குக் கவலை வேண்டாம். கேமரன் மலையில் இன்றும் காய்கறி சுமப்பது இந்த வண்டிகள்தான். அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பட்டறைகளும் அங்கே உண்டு. என் கியர் பெட்டிக்கு வேண்டியவை அங்கிருந்துதான் வந்தன.

விலை விஷயத்தில் வெளிநாட்டுச் செய்திகளைப் படித்து மனக்கணக்குப் போடுவதும் ஆபத்து. இருபது லட்சமாவது வண்டி என்று தனியாகச் செய்த டிஃபெண்டர் ஒன்று 2015 டிசம்பரில் லண்டன் ஏலத்தில் 400,000 பவுனுக்குப் போனது. அடுத்த மாதமே, 2016 ஜனவரி 29 அன்று, சோலிஹல் ஆலையில் பழைய பாணி டிஃபெண்டர் உற்பத்தி நின்றது. உடனே உலகமெங்கும் பழைய லேண்ட்ரோவர்களுக்கு மவுசு கூடியது. அந்தக் கம்பெனியே 2008 முதல் டாட்டா கையில் இருக்கிறது என்பதைச் சொன்னால் அப்பா சிரிப்பார். இருக்கட்டும். அந்த ஏலத்துக்கும் பண்டார் பாருக் கொட்டகைக்கும் சம்பந்தமில்லை. ஓடும் நிலையில் இருக்கும் இதே ரக வண்டிகள் நம் நாட்டில் என்ன விலைக்குக் கைமாறின என்று நான்கைந்து பேரிடம் விசாரித்து, 46,000 என்று சொன்னேன்.

மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் சேகரிப்பாளர். ஒவ்வொரு ஆணியும் அசலா என்று கேட்டார். மாற்றிய சாமான்களை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். பட்டியலின் பாதியிலேயே விடைபெற்றார். மறைத்திருந்தால் விற்றிருக்கும், பிறகு ஊர்ப் பேச்சு வந்திருக்கும்.

இரண்டாமவர் உணவுக்கடை வைத்திருக்கிறார். வாசலில் அலங்காரமாக நிறுத்த வேண்டுமாம். 50,000 தருகிறேன் என்றார், நான் கேட்டதைவிட அதிகம். எஞ்சினைக் கழற்றி வைத்துவிடுவாராம். அதுகூடப் பரவாயில்லை, காசு கொடுத்தவர் இஷ்டம். "வண்டி ரோட்டுக்கே வராது, பெயர் மாற்றமெல்லாம் எதற்கு, கிரானை மட்டும் கொடுங்கள்" என்றார். அங்கேதான் எனக்குப் பேச்சு முடிந்தது.

இளம் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ, சம்மன் அவர் வீட்டுக்குத்தான் வரும். நாளைக்கு அவர் வேறொருவருக்கு விற்று, அவர் எஞ்சினைப் பூட்டி ஓட்டி, எங்காவது இடித்தால், போலீஸ் முதலில் தேடுவது என் பெயரை. கைக்குக் காசு வந்தாலும், பெயர் மாறாத வரை வியாபாரம் முடியவில்லை. 4,000 ரிங்கிட் கூடுதல் என்பது எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. இருந்தாலும் அந்தத் தொகைக்கு இத்தனை வருடக் கவலையை வாங்க முடியாது என்று மனைவியும் நானும் பேசி முடிவெடுத்தோம்.

மூன்றாவதாக வந்தவர்கள் காராங்கான் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் கணவன் மனைவி. கணவர் விலையைப் பேசினார். அந்த அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இதை நான் ஓட்ட முடியுமா?" பவர் ஸ்டியரிங் கிடையாது, கிளட்ச் கனமாக இருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும், சிவப்புத் தண்டைப் பின்னால் இழுத்தால் மேட்டுக்கு உண்டான மெதுவான கியர் விழும் என்று காட்டினேன். நிபோங் திபால் சாலையில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை. "பழகிடும்ணே" என்றார்.

43,000க்கு முடிந்தது. பரிசோதனைக்குக் கொண்டு போனோம். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கிரானில் உள்ளபடியே இருந்தன. பழைய வண்டியில் எஞ்சின் மாறியிருந்து, அது ஜேபிஜே பதிவில் ஏறாமல் இருந்தால், விற்பனை இந்த இடத்தில்தான் நின்று போகும். நீங்கள் வாங்கும்போதே இதைப் பாருங்கள், விற்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். பிறகு ஜேபிஜேயில் பெயர் மாற்றம். நான்கு ஆண்டு ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அவர்களிடமே கொடுத்தேன். எந்தச் சாமான் எப்போது மாற்றியது என்ற விவரம் இனி அவர்களுக்குத்தான் தேவை.

அப்பாவிடம் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "யார் ஓட்டப் போறா?" என்று கேட்டார். அந்த அம்மா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "என் காலத்துல நம்ம பொம்பளைங்க அந்த வண்டியில ஏறினது வலி எடுத்தப்ப மட்டுந்தான். முன் சீட்டுல ஒருத்தி உக்காந்து நான் பார்த்ததில்ல" என்றார். பிறகு, டயரில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் மறக்காமல் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். கட்டணமும் கட்டியாயிற்று. கொட்டகை இப்போது காலியாக இருக்கிறது. மகளின் மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று மனைவி முடிவு செய்திருக்கிறார்.