வண்டியை எங்கே நிறுத்துவது?

கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறோம். திரும்பி வந்தால் அபராதச் சீட்டு! சிலர் பயந்து உடனே பணம் கட்டிவிடுகிறார்கள். சிலர் சீட்டைக் கிழித்து எறிகிறார்கள். இரண்டும் சரி அல்ல. 500 ரூபாய் என்பது பலருக்கு ஒரு நாள் கூலி. அதைக் கொடுக்கும் முன், குற்றம் உண்மைதானா என்று பார்க்க வேண்டாமா?

பலகை என்ன சொல்கிறது?

நீல வட்டம், சுற்றிலும் சிவப்பு வளையம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. இது இருந்தால் அங்கே வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்புவது வேறு. வண்டியைப் பூட்டிவிட்டுக் கடைக்குள் போவது வேறு.

அதே வட்டத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள் பெருக்கல் குறி போல இருந்தால், அங்கே நிற்கவே கூடாது.

நீலப் பலகையில் வெள்ளை நிறத்தில் ஆங்கில 'பி' எழுத்து மட்டும் இருந்தால், தாராளமாக நிறுத்தலாம்.

பலகையின் கீழே சில இடங்களில் சிறு பலகை ஒன்று இருக்கும். எந்த நேரம், எந்த வண்டி, எந்தப் பக்கம் என்பதை அதுதான் சொல்லும். பெரிய பலகையைப் பார்ப்பவர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள். தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

பலகை இல்லாவிட்டால்?

பலகை இல்லை என்பதால் எங்கும் நிறுத்திவிட முடியாது. நடைபாதை, தெருச் சந்திப்பு, வளைவு, பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவற்றின் வாசல், அடுத்தவர் வீட்டு வாசல் — இங்கெல்லாம் நிறுத்துவது 2017-ம் ஆண்டு விதிகளின்படி தவறு. ஆம்புலன்சுக்கு வழி இல்லாமல் போனால், போவது ஓர் உயிர்!

கடைக்காரர் தாமே எழுதி மாட்டிய பலகை, சட்டப்படியான பலகை ஆகாது. அதிகாரம் பெற்றவர்கள் வைப்பதுதான் சட்டப்படியான பலகை. ஆனாலும் அவர் வாசலை அடைத்து நிறுத்துவது குற்றமே.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டு திருத்தச் சட்டப்படி இந்தக் குற்றத்துக்கு முதல் தடவை 500 ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 1,500 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரியின் அனுமதி வேண்டும். இழுத்த செலவு வண்டிக்காரர் தலையில்தான் விழும்.

எதிர்ப்பது எப்படி?

முதலில் சீட்டைப் படியுங்கள். வண்டி நம்பர், தேதி, நேரம், இடம், போட்டோ எல்லாம் சரியா? ஓர் எண் மாறினாலும் வேறொருவர் குற்றம் உங்கள் தலையில் விழுந்துவிடும்.

பலகையை மரக்கிளை மறைத்திருக்கிறதா? சுவரொட்டி மூடியிருக்கிறதா? அன்றைக்கே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கிளையை வெட்டிவிட்டால் சாட்சி இல்லை.

அரசாங்கத்தின் இ-சலான் இணையதளத்தில் புகார் கொடுக்க இடம் உண்டு. வழக்கு இணையவழிக் கோர்ட்டுக்குப் போயிருந்தால், அங்கே இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, அபராதம் கட்டுவது. மற்றது, வழக்கை எதிர்ப்பது. எதிர்த்தால் வழக்கு வழக்கமான கோர்ட்டில் விசாரணைக்கு வரும். பணம் கட்டிவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது. ஆகவே வாதாட விரும்புபவர்கள் முன்னதாகப் பணம் கட்டக் கூடாது.

செல்போனில் வரும் அபராதச் செய்தி எல்லாம் உண்மை அல்ல. அதில் உள்ள இணைப்பைத் தொட்டுப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அரசாங்க இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள்.

யார் பொறுப்பு?

தவறு செய்தவர் அபராதம் கட்டத்தான் வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அதிகாரிகளுக்கும் கடமை உண்டு. பலகை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதில் உள்ளதை எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுத வேண்டும். நிறுத்தக் கூடாத இடத்தைக் காட்டினால் போதாது. நிறுத்தும் இடத்தையும் காட்ட வேண்டும்.

தெரியாத பலகையை வைத்துவிட்டுத் தண்டம் கேட்பது நியாயம் ஆகாது!