"சின்ன அசைன்மென்ட்தான்!" – இன்டர்வியூவுக்கு இலவசமா உழைக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



சாஃப்ட்வேர் வேலைக்கு அப்ளை பண்ணா, "ஒரு சின்ன அசைன்மென்ட், திங்கட்கிழமைக்குள்ள முடிச்சுக் கொடுங்க"ன்னு மெயில் வருது. லாகின், பேமென்ட், டேஷ்போர்டு எல்லாம் கேட்பாங்க. சனி, ஞாயிறு ரெண்டும் காலி.

இந்த முறையே தப்புன்னு நான் சொல்லல. போர்டு முன்னாடி நிக்க வெச்சு புதிர் போடுறதைவிட, வேலை கொடுத்துப் பார்க்கிறது நியாயம்தான். பேசத் தயங்குற, ஆனா நல்லா கோடு எழுதுறவங்களுக்கு இதுதான் வாய்ப்பு. கேள்வி என்னன்னா, செலவு யாரோடது?

உங்க சம்பளம் மாசம் 50,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 22 நாள், தினம் 8 மணி நேரம். அப்போ உங்க ஒரு மணி நேரத்தோட விலை சுமார் 284 ரூபாய். ஒரு அசைன்மென்ட்டுக்கு 16 மணி நேரம் போனா, 4,500 ரூபாய்க்கு மேல. அஞ்சு கம்பெனிக்குப் பண்ணா, கிட்டத்தட்ட பாதி மாசச் சம்பளம்!

வேர்ட்பிரஸ்.காம் நடத்துற ஆட்டோமேட்டிக் கம்பெனி, ட்ரையல் வேலை பார்க்கிறவங்களுக்கு மணிக்கு 25 டாலர் கொடுக்கிறதா அதோட நிறுவனர் மேட் முல்லன்வெக் 2014-லயே எழுதியிருக்கார். ஆக, மனசு இருந்தா முடியும்.

என் கருத்து இதுதான்: மூணு, நாலு மணி நேரம் வரைக்கும் இலவசம் ஓகே. அதுக்கு மேலன்னா காசு கேளுங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தை மெயில்லயே கேட்டுடுங்க. எத்தனை மணி நேர வேலை? இந்த கோடை உங்க ப்ராடக்ட்ல பயன்படுத்துவீங்களா? 1957 காப்புரிமைச் சட்டப்படி, நீங்க வேலையில சேராதவரைக்கும், எழுத்துல உரிமையை மாத்திக் கொடுக்காதவரைக்கும், நீங்க எழுதின கோடு உங்களோடதுதான். அதனால எதுல கையெழுத்துப் போடுறீங்கன்னு படிச்சுப் பாருங்க.

காசு கொடுத்தாங்கன்னா, அதையும் ஐ.டி.ஆர்-ல காட்டணும். இப்போ வேலையில இருக்கீங்கன்னா, வெளி வேலைக்குத் தடை இருக்கான்னு ஆஃபர் லெட்டரைப் பாருங்க. போட்டி கம்பெனிகளுக்கும் வேலை பார்த்தாங்கன்னு 2022-ல விப்ரோ 300 பேரை நீக்கினது ஞாபகம் இருக்கட்டும்.

"கேட்டா வேலை கிடைக்காம போயிடுமே"ன்னு பயமா இருக்கும். புரியுது. கையில வேலை இல்லாதப்போ பேரம் பேசுறது கஷ்டம். அப்போ நாலு மணி நேரத்துல முடிஞ்சதை மட்டும் அனுப்புங்க. மீதியை எப்படிச் செய்வீங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. உங்க திறமையை எடைபோட அதுவே போதும். அதுவும் போதாதுன்னு சொல்ற கம்பெனி, நாளைக்கு உங்க ஞாயிற்றுக்கிழமையையும் இலவசமா கேட்கும்.

எஸ்.ஐ.பி-ல போடுற ஆயிரம் ரூபாய்க்கு கணக்கு பார்க்கிறோம். நம்ம நேரத்துக்கும் பார்ப்போமே!