மூடினால் மட்டும் போதுமா?

பெட்ரோல் போகும் பைப்பில் எந்த வால்வு போடலாம்? மெக்கானிக்கல் படிக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "பால் வால்வு" என்று பட்டென்று பதில் வரும். (ஆவின் பால் இல்லீங்க, உள்ளே துளையிட்ட உருண்டை இருக்கும் வால்வு!) கால் சுற்றில் மூடும், சொட்டுக்கூட கசியாது. சரிதான், ஆனால் பாதி பதில்.

பால் வால்வின் சீட் பெரும்பாலும் டெஃப்லான். சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பக்கத்தில் தீப்பிடித்தால் அந்த வால்வே எரிகிற தீயில் எண்ணெய் வார்க்கும். அதனால்தான் ஏபிஐ 607 தீச்சோதனை தேறிய வால்வு கேட்கிறார்கள். அதில் சீட் எரிந்து போனாலும் உலோகத்தோடு உலோகம் ஒட்டி, கசிவைக் கட்டுப்படுத்தும். கேட் வால்வின் உலோக சீட் தீயைத் தாங்கும். ஆனால் மூட நேரமாகும், அடியில் குப்பை சேர்ந்தால் முழுசாக அடைக்காது.

தீயை யோசித்தாயிற்று. மனிதனை யோசித்தோமா?

2009 அக்டோபர் 29, ஜெய்ப்பூர் சீதாபுரா. இந்தியன் ஆயில் டெர்மினலில் பக்கத்து டெர்மினலுக்குப் பெட்ரோல் அனுப்ப லைனைத் தயார் செய்தார்கள். டேங்க் லைனில் இருந்தது ஹேமர் பிளைண்ட் வால்வு. அடைத்தால் கெட்டியாக அடைக்கும், அதுதான் அதன் பெருமை. ஆனால் திறப்பதற்கு மேல்பக்கத்தைத் திறந்து உள்ளிருக்கும் தகட்டை மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் பைப்பின் வாய் வெளியே திறந்திருக்கும். டேங்க் பக்க வால்வு மூடியிருந்தால் பயமில்லை. அன்று அது திறந்திருந்தது. பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவி பரவி, வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். தீ பல நாள் எரிந்தது.

"முறைப்படி செய்திருந்தால் நடந்திருக்காது" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு வால்வின் வரிசை மாறியதற்கு இத்தனை உயிரைக் கேட்கும் கருவியை அங்கே ஏன் வைக்க வேண்டும்? விசாரணைக் குழுவும் ஹேமர் பிளைண்டைத் தவிர்த்து, இயக்கும்போது வெளியே திறக்காத வால்வைப் போடச் சொன்னது.

மாற்று இல்லாமல் இல்லை. டபுள் பிளாக் அண்ட் பிளீட் வால்வில் இரண்டு பக்கமும் சீட், நடுவில் ஒரு சின்ன வடிகால். வால்வை மூடிவிட்டு வடிகாலைத் திறந்தால், சீட் பிடிக்கிறதா கசிகிறதா என்று தெரிந்துவிடும். பைப்பைத் திறக்கவே வேண்டாம். விலை அதிகம்தான், ஜெய்ப்பூர் கொடுத்த விலையைவிட அதிகமா?

நாளை வேலைக்குப் போய் வால்வு டேட்டா ஷீட் நிரப்புவீர்கள். அளவு, பிரஷர் கிளாஸ், மெட்டீரியல் என்று கட்டங்கள் இருக்கும். 'இயக்குபவர் தப்பு செய்தால் என்ன ஆகும்?' என்ற கட்டம் மட்டும் இருக்காது. அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.