பெயிண்ட் அடித்தால் பழைய படகு புதிதாகிவிடாது

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் இருந்த பொறுமையில் பாதி இருந்தால் போதும், படித்துவிடலாம்.

நம் குழுவில் இந்த வாரம் ஒரு வீடியோ சுற்றியது. கடற்கரையில் கிடந்த பழைய ஃபைபர் படகை ஒருவர் மூன்றே நாளில் "புத்தம் புதுசு" ஆக்குகிறார். தேய்க்கிறார், பட்டி வைக்கிறார், நீல பெயிண்ட் அடிக்கிறார். முடிந்தது. எல்லோரும் கைதட்டியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு மாணவர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். கண்மாய் மீன் குத்தகை எடுத்திருக்கும் மைத்துனருக்காக இராமநாதபுரம் பக்கம் ஒரு பழைய படகை விலை பேசியிருக்கிறாராம். "நிலக்கோட்டைக்குக் கொண்டு வந்து வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்தானே சார்?" என்றார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய படகை வாங்கிச் சரிசெய்வது நல்ல காரியம். அந்த வீடியோவில் இருப்பது அந்தக் காரியம் இல்லை. நேற்றைய மல்லிகையில் தண்ணீர் தெளித்து இன்றைய பூ என்று விற்றால் நம் ஊர் பூ மார்க்கெட்டில் சும்மா விடுவார்களா? பூவில் ஏமாந்தால் காசு போகும். படகில் ஏமாந்தால் ஆள் போகும்.

முதலில், அது ஏன் நல்ல காரியம்? இளகும் பிளாஸ்டிக், இறுகும் பிளாஸ்டிக் என்று இரண்டு வகை படித்தோமே, நினைவிருக்கிறதா? குடம், வாளி எல்லாம் முதல் வகை. உடைந்தால் உருக்கி வேறு பொருள் செய்யலாம். ஃபைபர் படகு இரண்டாம் வகை. கண்ணாடி இழைப் பாயில் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி இறுக வைத்தது. ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது, மக்காது. காயலான் கடைக்காரர் இரும்பை எடை போட்டு எடுத்துக்கொள்வார், இதை எடுக்க மாட்டார். கொளுத்தினால் கரும்புகையும் நச்சும்தான் மிச்சம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்க இந்தப் படகுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் நின்றது. அவசரத்தில் கட்டிக் கொடுத்த பல படகுகளின் தரம் பற்றி அப்போதே குறை எழுந்தது. இருபது வருடம் ஓடிவிட்டது. அந்தப் படகுகளுக்கு வயதாகிவிட்டது. எங்கே போகும்? பிரான்ஸ் நாட்டில் பழைய உல்லாசப் படகுகளைக் கழிப்பதற்கென்றே 2019 முதல் தனி அமைப்பு இயங்குகிறது. படகைத் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். நம்மிடம் மணலும் முள்செடியும்தான் இருக்கின்றன. ஆகவே சரிசெய்யக்கூடிய படகைச் சரிசெய்வதுதான் அறிவுள்ள வேலை. "பழசைக் கட்டி அழாதே, புதுசு வாங்கு" என்கிறவர்கள், பழசை எங்கே போடுவது என்பதையும் சொல்லட்டும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

கட்டுமரத்தில் தண்ணீர் ஏறினாலும் அது மூழ்காது. மரமே மிதக்கும். ஃபைபர் அப்படியில்லை. அதன் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம். படகு நிறைந்தால், உள்ளே மூடிய அறைகளில் காற்றோ ஃபோமோ இருந்தால்தான் மிதக்கும். பழைய படகில் அந்த ஃபோம் தண்ணீர் குடித்து ஊறியிருக்கலாம். வெளியே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தால் அது காயும்? மூன்று நாள் வீடியோவில் ஒரு நொடியாவது அந்த அறையைத் திறந்து காட்டினார்களா?

பின்பலகையையும் பாருங்கள். இன்ஜின் மாட்டுகிற இடம். பெரும்பாலும் நடுவில் பிளைவுட், இரண்டு பக்கமும் ஃபைபர். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே பலகை உளுத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. சின்னச் சுத்தியலால் படகு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. 'டொப்' என்று மந்தமாகக் கேட்டால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன அல்லது ஈரம் இருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். படகு முழுக்க வட்டமாக இருந்தால் விலை பேசியதை மறந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அதில் வெட்கமில்லை.

விரிசலில் பட்டி வைத்துத் தேய்ப்பது பழுதுபார்ப்பு ஆகாது. பட்டியில் இழை கிடையாது, பலம் கிடையாது. பழைய ஃபைபரோடு புது ரெசின் வேதியியல் முறையில் ஒன்றாகக் கலக்காது. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் கெட்ட பகுதி முழுவதையும், நல்ல அடுக்கு தெரியும்வரை, கிரைண்டரால் எடுக்க வேண்டும். சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போல் 12 மடங்கு அகலம் என்பது கணக்கு. 5 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர். பிறகு நன்றாகக் காய விட வேண்டும். வாரக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும், நம் ஊர் வெயில் இதற்காவது உதவட்டும். அதன்பிறகுதான் பாய், ரெசின், காற்றுக்குமிழி போக ரோலர், மறுபடி பாய்.

மேல்பூச்சுக்கு வருவோம். வெளியே இருக்கும் ஜெல் கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். வெயிலில் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு போல் ஒட்டினால், பெரும்பாலும் அதற்குப் பெயிண்டே வேண்டாம். 600, 800, 1000 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, மெழுகு தடவினால் நிறம் திரும்பிவிடும். எடுத்ததும் முரட்டுத்தாளைப் போட்டுத் தேய்த்தால் அந்த அரை மில்லிமீட்டரும் போய் இழை வெளியே வந்துவிடும். புதிதாக ஜெல் கோட் பூசினால், காற்றுப் படும் மேற்பரப்பு பிசுபிசுவென்றே இருக்கும். கடைசிப் பூச்சில் அதற்கான மெழுகுக் கரைசலைக் கலக்க வேண்டும், அல்லது பாலிதீன் தாளால் மூட வேண்டும்.

அடுத்தது, "வீட்டு வாசலிலேயே" என்ற வார்த்தை. இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதினேன்.

ரெசினோடு இரண்டு பொருள் தருவார்கள்: கோபால்ட், கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது. வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். பல கடைகளில் கோபால்ட் கலந்த ரெசினே கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். கேட்டலிஸ்ட் 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். சித்திரை வெயிலில் சீக்கிரம் இறுகும், காலையில் வேலை செய்யுங்கள். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். மிச்சமான ரெசினை டப்பாவில் அப்படியே விட்டால் தானாகச் சூடாகிப் புகையும், தீயும் பிடிக்கலாம்.

மூக்கைத் துளைக்கிற அந்த வாடை ஸ்டைரீன். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018-இல் அதை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற வகையில் சேர்த்தது. கொரோனா காலத்து மாஸ்க் தூசியை ஓரளவு தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். கிரைண்டரில் பறக்கும் கண்ணாடித்தூள் காயப்போட்ட துணியிலும் தொட்டிலிலும்தான் போய் உட்காரும். வாசலில் பிள்ளைகள் விளையாடும் வீட்டில் இதைச் செய்யாதீர்கள். ஊருக்கு வெளியே காற்றோட்டமான கொட்டகை பாருங்கள்.

"பட்டறையில் பையன்கள் ஒன்றும் போடாமல்தானே செய்கிறார்கள் சார்?" என்று கேட்பீர்கள். ஆமாம், செய்கிறார்கள். அந்தப் பையன்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் நுரையீரல் என்ன, வேறு பொருளால் ஆனதா? குறைந்த கூலிக்கு வேலை வாங்கி, ஒரு முகமூடிகூட வாங்கித் தராத முதலாளியின் கஞ்சத்தனத்தை வழக்கம் என்று சொல்லாதீர்கள்.

நம் மாவட்டத்துப் பூட்டுக்கு ஊர் ஊராகப் பெயர் இருந்தது மேல்தகட்டின் பளபளப்புக்காகவா? உள்ளே இருக்கும் நெம்புகோல்களுக்காக. யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காகச் செய்த வேலைக்காக. படகுக்கும் அதுதான்.

பழைய படகை விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயிண்ட் அடிக்கும் முன் விற்றுவிடுங்கள். வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பளபளப்பாக இருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். சரிசெய்து முடித்ததும், இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி, இன்ஜின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். அப்போதும் மிதந்தால் அது படகு. மூழ்கினால், அங்கேயே மூழ்கியதற்கு நன்றி சொல்லுங்கள்.

மறுக்க நினைப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம், காரணத்தோடு. கடற்கரைப் பக்கம் சம்பந்தம் செய்திருப்பவர்கள் இதை அங்கே அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார், நிலக்கோட்டை