சொல்லின் கதை: பைலா

கலியாண வீடு. மேளம் ஓய்ந்தது, பந்தியும் முடிந்தது. இளைஞர் சிலர் முற்றத்திற் கூடிக் கைதட்டிப் பைலா பாடத் தொடங்கினர். "தமிழர் வீட்டிலே அந்நியர் கூத்தா?" என்று விறாந்தையில் இருந்த பெரியவர் ஒருவர் முகஞ் சுளித்தார். பைலா யாருடையது? அச்சொல்லையே விசாரித்துப் பார்ப்போம்.

போர்த்துக்கேய மொழியிலே 'பைலார்' என்றால் ஆடுதல். 'பைலா' என்பது அதன் வினைமுற்று. 'ஆடுகிறான்' என்றும் 'ஆடு' என்றும் பொருள்படும். பிற்கால இலத்தீனில் வழங்கிய 'பல்லாரே' என்ற சொல்லே இதற்கு மூலம். மேனாட்டுப் 'பாலே' நடனத்தின் பெயரும் அவ்வேரிற் கிளைத்ததே. ஆகவே, பெயரளவிற் பைலா பாட்டன்று, ஆட்டமே. ஆட்டத்தின் பெயர் நாளடைவில் அதற்குரிய பாட்டுக்கு ஆகிவந்தது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரிடம் கோட்டையை இழந்தனர். ஆட்சி போயிற்று, சொற்கள் போகவில்லை. மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, பாண் முதலியன அவர் வழி வந்தவையே. முகஞ் சுளித்த பெரியவர் தாமும் விறாந்தையிற் கதிரை போட்டன்றோ அமர்ந்திருந்தார்!

பைலாவோடு உடன்பிறந்த இன்னொரு பெயர் 'கபிரிஞ்ஞா'. 'காபிர்' என்பது அரபுச் சொல். இசுலாத்தை ஏற்காதவரைக் குறித்தது. போர்த்துக்கேயர் அதனை ஆபிரிக்கருக்கு இட்டு வழங்கினர். 'இஞ்ஞா' என்பது அவர்தம் மொழியிற் சிறுமை குறிக்கும் விகுதி. போர்வீரராகவும் அடிமைகளாகவும் கடல் கடந்து கொணரப்பட்ட அம்மக்களின் தாளம் இவ்விசையிற் கலந்துள்ளது. அவர் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர்; 'மஞ்ஞா' என்னும் தம் பாடல்களைப் பாடுகின்றனர். அவர்தம் வரலாற்றை ஏடுகள் சுருங்கவே கூறும். இப்பெயரோ அதனை மறவாது சுமந்து நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வொலி பஸ்தியன் சிங்களத்திற் பைலாவைப் பரப்பினார். பின்னர், உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய தமிழ்ப் பொப்பிசையிலும் அதன் துள்ளல் ஏறியது.

எனவே, மாணவர்களே, 'யாருடையது' என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடை இல்லை. பெயர் போர்த்துக்கேயருடையது, தாளத்திற் பங்கு ஆபிரிக்கருடையது, பாட்டு, பாடுகின்ற எல்லாருடையதும் ஆம். இரவற் சொல்லை வழங்குவதில் இழுக்கில்லை. அது வந்த வழியில் வருந்தியவரை மறப்பதே இழுக்கு.