அனுபவம் மட்டும் போதுமா?

பக்கவாதம் வந்தவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று யார் சொன்னால் நம்பலாம்? "இருபது வருஷ சர்வீஸ் உள்ளவர் சொன்னால் நம்பலாம்" என்பதுதான் நம்மில் பலருடைய பதில். நான் படிப்பது வணிகவியல், மருத்துவம் இல்லை. ஆனாலும் இந்தப் பதில் பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

சர்க்கரையை அளக்க மீட்டர் இருக்கிறது. ஆனால் கை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, பெரும்பாலும் இன்னொருவருடைய கைதான் மீட்டர். 1987-ல் வந்த திருத்தப்பட்ட ஆஷ்வொர்த் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட் நோயாளியின் முழங்கையை நீட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவார்: 0, 1, 1+, 2, 3, 4. நீட்டும்போது ஒரு பிடிப்பு வந்து உடனே விட்டுவிட்டால், அல்லது கடைசியில் மட்டும் லேசாகத் தடுத்தால் 1. பிடித்த பிறகு மீதி தூரத்திலும் லேசான தடை தொடர்ந்தால் (மொத்த அசைவில் பாதிக்கும் குறைவாக) 1+. சரி, "லேசாக" என்றால் எவ்வளவு? எனக்கு லேசாக இருப்பது உங்களுக்கு பலமாக இருக்கலாமே!

போன மாதம் ஒருவர் 1+ போட்டார், இந்த மாதம் இன்னொருவர் 1 போடுகிறார் என்றால் நோயாளி தேறினாரா, அல்லது ஆள் மாறியதால் மதிப்பெண் மாறியதா? பயிற்சியை மாற்றுவதும், வீட்டில் கடன் வாங்கி சிகிச்சையைத் தொடர்வதும் இந்த மாதிரி எண்களை நம்பித்தான்.

அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. கையைத் தூக்கச் சொன்னால், நோயாளி தோளை உயர்த்தி உடம்பைச் சாய்த்து எப்படியோ சமாளிப்பார். அனுபவசாலியின் கண் அதைப் பிடித்துவிடும். ஆனால் பல வருஷம் தன் பாணியிலேயே மதிப்பெண் போட்டவர், பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு அனுபவசாலியோடு ஒத்துப்போவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ராங்கின் அளவுகோலின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ராங்கின் 1957-ல் உருவாக்கி, பிறகு திருத்தப்பட்டது. அறிகுறியே இல்லையென்றால் 0, மரணம் என்றால் 6. 2005-ல் லிண்ட்சே வில்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான முறையில் மதிப்பிட்டவர்கள் 43 சதவீதம்தான் ஒத்துப்போனார்கள். என்ன கேட்க வேண்டும் என்று வரையறுத்த கேள்விகளைக் கொடுத்ததும் அது 81 சதவீதம் ஆனது. அளவுகோல் மாறவில்லை, கேட்கும் முறைதான் மாறியது!

எங்கள் பாடத்திலும் இதேதான். ஒரே சரக்கிருப்பை முதலில் வந்தது முதலில் போகும் முறையில் மதிப்பிட்டால் ஒரு லாபம் வரும், சராசரி முறையில் இன்னொரு லாபம் வரும். அதனால்தான் ஒரு முறையை எடுத்தால் வருஷா வருஷம் அதையே பின்பற்று என்கிறது கணக்கியல் தரநிலை. "ஆடிட்டர் சீனியர், எப்படிப் போட்டாலும் சரி" என்று யாரும் விட்டுவிடுவதில்லை.

மருத்துவமனைகளும் இதைச் செய்யலாம். புதியவரோ மூத்தவரோ, எல்லோரும் ஒரே பயிற்சியை எடுக்க வேண்டும், ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். முடிந்தவரை முன்பு அளந்தவரே மறுபடியும் அளக்க வேண்டும். எந்த அளவுகோல், எந்தத் தேதி, யார் அளந்தது என்று குறிப்பில் இருக்க வேண்டும். நோயாளியின் வீட்டாரும் "போன தடவை அளந்தவரேதானா?" என்று தாராளமாகக் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு இல்லை.