மறையாத ரத்தக்கட்டு

தலையில் இடித்துக்கொண்டால் ரத்தம் கட்டும். நீலமாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். இடித்துக்கொண்ட நினைவே இல்லாத ஒரு முதியவரின் உச்சந்தலையில் அப்படியொன்று தோன்றி, மறையாமல் அகன்றுகொண்டே போனால் என்ன செய்கிறோம்? தைலம் தேய்க்கிறோம். டாக்டரிடம் போனாலும் சில சமயம் களிம்புதான் கிடைக்கிறது.

ரத்தக் குழாய்களின் உட்சுவரில் உண்டாகும் 'ஆஞ்சியோசார்க்கோமா' என்ற புற்றுநோய் இப்படித்தான் தொடங்கும். மிக அபூர்வமானது, அதனாலேயே சந்தேகம் எழுவதில்லை. வலி பெரும்பாலும் இராது. கறுத்த தோலில் ஊதா நிறம் பளிச்சென்று தெரியாது, போதாததற்கு முடி வேறு மறைக்கும். கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டித் தோலுக்குள் படர்ந்து, நுரையீரலுக்கும் போய்விடும். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டுமுன் கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பதால்தான் ஒவ்வொரு வாரமும் முக்கியமாகிறது.

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் இது வருவதுண்டு. அறுவைக்குப் பின் வீங்கியே கிடந்த கையில் வந்ததை அமெரிக்க டாக்டர்கள் ஸ்டூவர்ட், ட்ரீவ்ஸ் இருவரும் 1948லேயே எழுதிவைத்தார்கள்.

கண்ணால் பார்த்து இதை முடிவுகட்ட முடியாது. சதைத் துணுக்கை ஆழமாக, தேவைப்பட்டால் இரண்டு மூன்று இடங்களில் எடுத்துச் சோதிக்க வேண்டும். 'கத்தி பட்டால் பரவும்' என்று ஊரில் தடுப்பார்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. பரவுவது தாமதத்தால்.

துணுக்கு ரத்தக் குழாய்ச் செல்தானா என்று உறுதிசெய்யும் சி.டி.31, இ.ஆர்.ஜி. போன்ற சாயச் சோதனைகள் எல்லா ஊர்களிலும் நடப்பதில்லை. மெழுகில் பதித்த துணுக்கையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கினால், பரேலில் 1941ல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனையிலோ, 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ காட்டலாம். ஊரிலுள்ள தகப்பனாரை ரயிலேற்றி வரவழைத்த பிறகு 'மெழுகுக் கட்டி எங்கே?' என்று கேட்டால், தினக்கூலிக்காரர் மறுபடி ஊருக்கு ஓட வேண்டும். கூலியும் போச்சு, நாளும் போச்சு. அதை ஆஸ்பத்திரிகளே அறிக்கையோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினால் என்ன? அதற்கொரு சுகாதாரத் துறை உத்தரவு போதும், புதிய கட்டிடமோ யந்திரமோ வேண்டியதில்லை.